இர்குத்ஸ்குக்கு அப்பால்: மரியா வல்கோன்ஸ்கயாவின் கற்பனை நாட்குறிப்பு

டிசம்பர் 26, 1826. மாஸ்கோ

ஓரகத்தி ஜினைதா வீட்டில் இன்று கச்சேரி. எனக்காகவே ஏற்பாடு செய்ததாம். சக்கரவர்த்திக்கு எதிரான சதியில் சேர்ந்ததற்காக என் கணவர் செர்கேய் சைபீரியச் சுரங்கத்தில் கைதி. நான் அவரிடம் போகிறேன். யாருக்குத் துக்கம் வந்தாலும் அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து பாட்டுதான். ஊரில் இருந்த இத்தாலியப் பாடகர்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டாள். வந்தவர்கள் சாவு வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்கள். நான் மட்டும் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இனி எங்கே கேட்கப் போகிறேன்?

கவிஞர் புஷ்கின் வந்திருந்தார். 1820இல் எங்கள் குடும்பத்தோடு தெற்கே வந்தபோது இருந்த துள்ளல் இப்போது இல்லை. கலகக்காரன் புகச்சோவைப் பற்றி எழுதப் போகிறாராம். அதற்காக அந்தப் பக்கம் வருவாராம், அப்படியே உரால் மலையைத் தாண்டி நேர்ச்சின்ஸ்க் சுரங்கத்துக்கு வந்து எங்களிடம் அடைக்கலம் கேட்பாராம். வாருங்கள் என்றேன்.

டிசம்பர் 28. வழியில்

குதிரை மாற்றுகிறார்கள். அதற்குள் சக்கரவர்த்தியின் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 21ஆம் தேதி போட்டது. சைபீரியாவில் இர்குத்ஸ்க் நகரத்தைத் தாண்டினால் எனக்கு என்ன காத்திருக்கிறது என்பதை எச்சரிப்பது தன் கடமை, அப்புறம் என் இஷ்டம் என்கிறார். அப்பா இதைப் படித்துவிட்டுத் தடை என்றார். நான் அனுமதி என்கிறேன். "போகாதே" என்ற வார்த்தை எங்கேயும் இல்லை, எத்தனை தரம் தேடினாலும் இல்லை. நானாகவே பயந்து திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படித் திரும்பினால் யாரும் தடுத்ததாக ஆகாது பாருங்கள்.

கடிதத்தில் பெரிய சிவப்பு அரக்கு முத்திரை. என் மகன் நிகோலென்கா என் மடியில் உட்கார்ந்து அதை வைத்துத்தான் விளையாடினான்.

டிசம்பர் 31. கசான்

சத்திரத்துக்குப் பக்கத்திலேயே பிரபுக்கள் மன்றம். புத்தாண்டு நடனத்துக்கு முகமூடி போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக உள்ளே போகிறார்கள். இரவு தங்கச் சொன்னார்கள், புயல் வருமாம். வரட்டும், கிளம்புகிறேன்.

ஜனவரி 1, 1827

புயல் வந்தது. வண்டிக்காரர் பாதையைத் தவறவிட்டார். நடுராத்திரி வண்டிக்குள் என் கடிகாரம் பன்னிரண்டு அடித்ததும் வேலைக்காரப் பெண்ணை எழுப்பி வாழ்த்துச் சொன்னேன். யாருக்காவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. பாவம், அவளுக்குப் பாதி விளங்கவில்லை.

ஜனவரி 2

இன்று நிகோலென்காவுக்கு ஒரு வயசு.

ஜனவரி 11

கல்யாண நாள். இரண்டு வருஷம் ஆகிறது. அப்பா பார்த்து முடிவு செய்த மாப்பிள்ளை. செர்கேய்க்கு அப்போது 36 வயது. கல்யாணமான முதல் வருஷத்தில் சேர்ந்து இருந்ததே மூன்று மாதம்தான். மிச்ச நேரமெல்லாம் படைப்பிரிவு, பயணம், எனக்குச் சொல்லாத கூட்டங்கள். எனக்குப் பிரசவக் காய்ச்சல் இருக்கும்போது அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து அதை என்னிடம் மறைத்தார்கள். அண்ணன் அலெக்ஸாந்தர் எனக்கு வந்த கடிதங்களைக்கூட மடக்கி வைத்துக்கொண்டான். என் நன்மைக்காம்.

சரியாகத் தெரியாத மனிதருக்காகவா போகிறாய் என்று கேட்டார்கள். ஆமாம், தெரியாதுதான். மூன்று மாதத்தில் ஒருவரை எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்? அவர் நன்றாக இருந்திருந்தால் நான் பாட்டுக்கு வீட்டிலேயே இருந்திருப்பேன். இப்போது அவருக்கு யாரும் இல்லை. இதை அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தபோது அவர் இரண்டு கையையும் முஷ்டியாக என் தலைக்கு மேல் தூக்கினார். ஒரு வருஷத்தில் திரும்பாவிட்டால் சபிப்பேன் என்றார். நெப்போலியனோடு நடந்த போரதினோ சண்டையில் பீரங்கிக்கு முன் நின்ற கைகள் அவை. நடுங்கிக்கொண்டிருந்தன.

ஜனவரி. இர்குத்ஸ்க். தேதியை யாரிடமாவது கேட்க வேண்டும்

ஆளுநர் ஸைட்லர் மரியாதையாகத்தான் பேசுகிறார். திரும்பிப் போங்கள், யோசியுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது, இப்படியே. என்னைப் போலவே கைதியான கணவரிடம் போகிற கத்தாஷா த்ருபெத்ஸ்கயாவையும் இந்த ஊரில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்து இதே பாட்டைத்தான் பாடியிருக்கிறார். அவள் அசையவில்லை. எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டாள்.

பேசிப் பயனில்லை என்றதும் காகிதத்தை எடுத்தார். கணவனோடு போகிறவள் பட்டத்தை இழந்து கடுங்காவல் கைதியின் மனைவியாக மட்டுமே கருதப்படுவாள். சரி. பணமோ விலையுயர்ந்த பொருளோ கொண்டுபோகக் கூடாது. வைர நகைகளை ஏற்கெனவே அடகு வைத்து செர்கேயின் கடனை அடைத்தாயிற்று, இதுவும் சரி. கூட வந்த பண்ணையாட்கள் மீது உரிமை கிடையாது. அதுவும் சரி. அங்கே கொடிய குற்றவாளிகள் நிறைய, மானத்துக்கோ உயிருக்கோ ஆபத்து வந்தால் அரசாங்கம் பொறுப்பில்லை. அங்கே பிறக்கும் பிள்ளைகள் சர்க்கார் குடியானவர்கள்.

இந்தக் கடைசி வரியில் மட்டும் பேனா நின்றது. பிறக்கவே இல்லாத பிள்ளையின் தலையில் அம்மாவே கையெழுத்துப் போட வேண்டும். பிறந்த பிள்ளையை என்னோடு கூட்டிப்போகக் கூடாது என்றவர்களும் இவர்கள்தான். அவனை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மாமியார் அரண்மனையில் ராஜமாதாவுக்குப் பணிவிடை செய்கிறவர். மருமகள் சைபீரியாவுக்குப் போகிறாள், பேரன் அரண்மனை வாசலில் வளர்கிறான்.

போட்டுவிட்டேன். சரியாகப் படித்தேனா என்று ஸைட்லர் கேட்டார்.

அதே நாள், மாலை

அதிகாரிகள் கூட்டமாக வந்து மூட்டை முடிச்சுகளைக் கொட்டிக் கணக்கெடுத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, ஜினைதா எனக்குச் சொல்லாமல் வண்டிக்குப் பின்னால் பியானோ மாதிரியான ஒரு கிளாவிகார்டைக் கட்டி அனுப்பியிருக்கிறாள்! மாஸ்கோவிலிருந்து இத்தனை தூரம் அதன் மேல்தான் பனி கொட்டியிருக்கிறது. வாசித்துப் பார்த்தேன். வருகிறது. வெகுநேரம் வாசித்தேன்.

பைக்கால்

இரவில் ஏரியைக் கடந்தோம். கண்ணீர் கண்ணிலேயே உறைந்தது. அழுததால் இல்லை, குளிர் அப்படி.

பிப்ரவரி. நேர்ச்சின்ஸ்க் ஆலை

கடைசிப் பாதையில் பனியே இல்லை. சாதாரணக் கட்டை வண்டி. எலும்பெல்லாம் தனித்தனியாக வலிக்கிறது.

கத்தாஷாவைப் பிடித்துவிட்டேன்! இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், யார் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை.

சுரங்கத் தலைவர் புர்னஷேவிடமும் ஒரு காகிதம். வாரத்துக்கு இரண்டு முறைதான் பார்க்கலாம், அதிகாரி கூடவே இருப்பார். பணம் அவரிடம் இருக்கும், செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். மையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறேன். இன்னும் எத்தனை பேருக்கு என் கையெழுத்து வேண்டுமோ? இங்கேயும் "கூடாது" என்று யாரும் நேராகச் சொல்லவில்லை.

பிளகதாத்ஸ்க்

பார்த்தேன்.

சிறைக்குள் போனதும் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு இருட்டு. இடதுபக்கம் ஒரு சின்னக் கதவைத் திறந்து இதுதான் என்றார்கள். மூன்று பேரை அடைத்திருக்கிறார்கள். நேராக நிற்க முடியாத உயரம். செர்கேய் என்னைப் பார்த்து ஓடி வந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காலில் விலங்கு. இதை எனக்கு யாருமே சொல்லவில்லை. இத்தனை காகிதத்தில் ஒன்றில்கூட இல்லை. முழங்காலில் உட்கார்ந்து முதலில் விலங்கைத்தான் முத்தமிட்டேன், அப்புறம்தான் அவரை. ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. புர்னஷேவ் வாசலில் திகைத்து நின்றார்.

இளைத்திருக்கிறார். இருமல்.

மறுநாள்

தூக்கமில்லை. குடிசையில் படுத்தால் தலை சுவரில் முட்டுகிறது, கால் கதவில். கத்தாஷா தூங்குகிறாள் என்று வெளியே வந்தேன். விடியற்காலையிலேயே அவர்களைச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டே நடந்தேன். மண்ணுக்குள் இறங்குகிற ஒரு கதவு, நிலவறை வாசல் மாதிரி. பக்கத்தில் துப்பாக்கியோடு காவலாள். உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். என்னிடம் எந்தச் சீட்டும் கேட்காமல் ஒரு பந்தத்தைக் கொளுத்திக் கையில் கொடுத்தார்! ஸைட்லரும் புர்னஷேவும் இவரிடம் வந்து வேலை கற்றுக்கொள்ளட்டும்.

உள்ளே குளிர் இல்லை. ஆனால் காற்று நெஞ்சை அடைக்கிறது. வேகமாக நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒரு குரல்: நில்! அதிகாரி. சுற்றி வளைக்காத ஒரு "நில்" கடைசியில் கிடைத்தது. பந்தத்தை அணைத்துவிட்டு ஓடினேன். தூரத்தில் சின்னச் சின்ன வெளிச்சம் தெரிந்தது, அதைப் பார்த்தே ஓடினேன். அவர்கள் ஒரு மேட்டில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஏணியை இறக்கினார்கள், ஏறினேன், ஏணியை மேலே இழுத்துக்கொண்டார்கள்.

செர்கேய் அங்கே இல்லை. வேறு பக்கம் வேலையாம்.

வசீலி சித்தப்பா இருந்தார். பரீசவ் சகோதரர்கள் இருவர், அர்தமோன் முராவியோவ். கொண்டுவந்த கடிதங்களைக் கொடுத்தேன். ஊர்ச் சேதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கீழே அதிகாரி கத்திக்கொண்டே இருந்தார். மண்ணும் கரியுமான முகங்களோடு அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாதாளத்தில் இறங்கிய காட்சி என்று அர்தமோன் பெயரே வைத்துவிட்டார்.

அப்புறம்

எங்களைச் சுரங்கத்துக்குள் விடவே கூடாது என்று கண்டிப்பான உத்தரவு போட்டுவிட்டார்கள். அந்தக் காவலாளுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

கைதிகள் கடிதம் எழுதக் கூடாது. நாங்கள் எழுதலாம். இங்கே இருக்கிற கைதிகள் எட்டு பேர் வீட்டுக்கும் நானும் கத்தாஷாவும் பங்கு பிரித்துக்கொண்டோம். சித்திக்குத்தான் முதலில் எழுதுகிறேன். புர்னஷேவ் படித்துவிட்டுத்தான் அனுப்புவார், ஆகையால் ஏணியைப் பற்றி எழுத முடியாது. சித்தப்பா இளைத்திருக்கிறார், ஆனால் வாய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அது சித்திக்குப் போதும். கம்பளிக் காலுறை அனுப்பச் சொல்ல வேண்டும், விலங்குக்கு அடியில் போடுகிற மாதிரி தளர்வாக