கண்ணாடி மாதிரி தண்ணீர்

கும்பகோணம் பக்கம், நெல் விளைந்த வயலில் 60 மனை போட்டிருக்கிறார்கள். பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். நிலத்தடி நீரைப் பார்த்து அறிக்கை தரப் போயிருந்தேன்.

ஒரு ஆளின் கழிவில் வருடத்துக்குச் சுமார் 4 கிலோ நைட்ரஜன். வீட்டுக்கு 4 பேர் என்றால் மொத்தம் 960 கிலோ. தொட்டியில் தங்குவது கொஞ்சம்தான். மிச்சம் அம்மோனியாவாக மண்ணில் இறங்கி, காற்று பட்டதும் நைட்ரேட்டாகிவிடும். அது களிமண்ணிலும் ஒட்டாது. தண்ணீர் போகிற பக்கமெல்லாம் போகும். சேறு நின்ற வயலில் நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கிவிடும். மண்ணடித்து மேடாக்கிய மனையில் அந்த வேலை குறைந்துபோகிறது.

குடிவந்துவிட்ட ஒரு வீட்டில் போருக்கும் உறிஞ்சு குழிக்கும் பத்தடிகூட இடைவெளி இல்லை. "வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா குழி வடியவே மாட்டேங்குது தம்பி" என்றார் அந்த அம்மா. அவர் நீட்டிய சொம்பில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நைட்ரேட் சோதனைத் தாளை நனைத்தேன். ஒரு நிமிடத்தில் அடர் ரோஸ். லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற இந்தியத் தர அளவைத் தாண்டிவிட்டது. கழிவில் உப்பாக வரும் குளோரைடும் கூடவே ஏறியிருந்ததால் வயலுக்குப் போட்ட யூரியாவை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை.

மகள் மடியில் மூன்று மாதக் குழந்தை, புட்டிப்பால். "கொதிக்க வெச்சுத்தான் கரைக்கிறோம்" என்றாள். எனக்குப் பதறிவிட்டது. கொதித்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பே நீலம் பாயலாம். அன்றைக்கே போர்த் தண்ணீரை நிறுத்தச் சொன்னேன்.

அப்புறம் அறிக்கையில் எழுதினேன்: 60 தனித் தொட்டி வேண்டாம், பொதுவாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள். ஐப்பசி மழை ஓய்ந்ததும் மறுபடி மாதிரி எடுக்கப் போகிறேன்.