சிவப்புத் தாள் சுற்றிய லாந்தர்

1943 ஏப்ரல் 19 இரவு. பெல்ஜியத்தின் மெகலன் முகாமிலிருந்து 1,600க்கும் மேற்பட்ட யூதர்களை அடைத்துக்கொண்டு நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ஒரு ரயில் கிளம்புகிறது. அதை நிறுத்தப் போனது மூன்றே இளைஞர்கள்: யூரா லிவ்ஷிட்ஸ், ரோபேர் மேஸ்த்ரியோ, ழான் ஃப்ராங்க்லமோன். அதுவும் சைக்கிளில்! ஒரே ஒரு கைத்துப்பாக்கி, கம்பி வெட்ட ஒரு கட்டிங் பிளேயர், அப்புறம் சிவப்புத் தாள் சுற்றிய லாந்தர் விளக்கு. அவ்வளவுதான் ஆயுதம். தண்டவாளத்தில் லாந்தரைப் பார்த்ததும் அபாய சிக்னல் என்று நினைத்து டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

மேஸ்த்ரியோ ஒரு பெட்டியைத் திறந்தார். காவலர்கள் சுடச் சுட 17 பேர் இருட்டில் ஓடினார்கள். ரயில் மறுபடி நகர்ந்த பிறகும், எல்லையைத் தாண்டுவதற்குள், 200க்கும் அதிகமானோர் குதித்தார்கள். எல்லோரும் பிழைக்கவில்லை.

லிவ்ஷிட்ஸை 1944இல் நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். வயது 26.