வியாழனைச் சுற்றும் கந்தக வளையம்

வியாழனின் நிலவான அயோவின் எரிமலைகள் கக்கும் கந்தகமும் ஆக்சிஜனும் நொடிக்குச் சுமார் ஒரு டன் விண்வெளிக்குத் தப்புகின்றன. அவை மின்னூட்டம் பெற்று அயனியாகி, வியாழனின் காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்டு பிளாஸ்மா (மின்னூட்டத் துகள்களாலான வாயு) வளையமாகச் சுற்றுகின்றன. அயோவின் வேகம் நொடிக்கு 17 கி.மீ.; இந்தப் பிளாஸ்மாவுக்கோ எழுபதுக்கும் மேல்!

வளையம் வீசும் ஒளியில் பெரும்பங்கு புற ஊதா. 1979-ல் வாயேஜர் 1 விண்கலம் அதைப் பதிவு செய்தது. அப்புறம் 2000 கடைசியில், சனிக்குப் போகிற வழியில் காசினி மாதக்கணக்கில் பார்த்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பானின் ஹிசாகி விண்வெளித் தொலைநோக்கிதான். 2013-ல் ஏவியது, கண்ணாடி வெறும் 20 செ.மீ. வியாழனுக்குப் போகவே இல்லை; பூமியைச் சுற்றிக்கொண்டே வளையத்தைக் கவனித்தது. 2015 தொடக்கத்தில் அயோ சீறியபோது, கந்தக அயனிகளின் ஒளி கூடியதையும் மெல்ல அடங்கியதையும் விடாமல் பிடித்தது. இப்படித் தொடர்ந்து பார்க்க இன்னொரு கருவி சீக்கிரம் வேண்டும்.