அந்தப் படம் வேண்டாம் என்று சொன்னது

உலக வரலாற்றுப் புத்தகத்தில் பிரேசில் அத்தியாயத்துக்கு டிசைனர் எடுத்து வைத்திருந்தது ஐரோப்பியச் செதுக்கோவியர் தியோடோர் டி ப்ரை 1592இல் வெளியிட்ட செப்புத்தகட்டுச் சித்திரம். நெருப்புக்கு மேல் கம்பித்தட்டு, அதில் மனித உறுப்புகள், சுற்றிலும் கையைக் காலைக் கடித்துக்கொண்டிருக்கும் ஆண்களும் பெண்களும், பிரேசிலின் பழங்குடியான துப்பினம்பா மக்கள். பின்னால் தாடியோடு நிற்பவர் ஜெர்மானியரான ஹான்ஸ் ஸ்டாடன். வேண்டாம் என்றேன்.

"அவங்க சாப்பிட்டாங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் பதிப்பாசிரியர்.

"துப்பினம்பா மக்கள் சாப்பிட்டிருக்காங்க சார்."

"அப்ப படத்துல என்ன தப்பு?"

டி ப்ரை அமெரிக்காவுக்குப் போனதே இல்லை என்றேன். ஸ்டாடன் போனார்தானே, அவர்களிடம் கைதியாக இருந்தார்தானே, 1557இல் அவரே புத்தகம் போட்டார்தானே என்று கேட்டார். எல்லாம் சரிதான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் ஸ்பெயின் ராணி இசபெல்லாவின் 1503ஆம் வருட ஆணையைச் சொன்னேன். மனிதரைத் தின்பவர்கள் என்று பெயர் வாங்கிய, கரீபியன் தீவுகளின் கரீப் மக்களைப் பிடித்து விற்கலாம் என்றது அந்த ஆணை. ஒரு தீவு மக்களுக்கு அந்தப் பெயரைக் கட்டிவிட்டால் அடிமை பிடிக்க அனுமதி கிடைத்துவிடும். இப்படிப்பட்ட படம் மாணவர் கண்ணில் பட்டதும் அந்த நியாயமும் கூடவே உள்ளே போய்விடும் என்றேன். படத்தை எடுத்துவிட்டார்கள். ஆணையைப் பற்றி ஒரு வரி மட்டும் புத்தகத்தில் வந்தது.

படத்துக்குப் பதிலாக ழான் டி லேரி என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியதைக் கேட்டிருந்தேன். 1557இல் பிரேசில் போய் துப்பினம்பா மக்களோடு பழகியவர். 1573இல் பிரான்சில் சான்சேர் நகரம் முற்றுகையில் பட்டினி கிடந்தபோது உள்ளே இருந்தார். ஒரு தம்பதி இறந்துபோன தங்கள் சின்ன மகளைத் தின்றதை எழுதி வைத்திருக்கிறார். இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டால் ஐரோப்பியர் தங்களை எந்தக் கண்ணால் பார்த்தார்கள், பிறரை எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பது தெரியும் என்று நினைத்தேன். "நியாயப்படுத்துற மாதிரி இருக்கு" என்றார் பதிப்பாசிரியர், அதுவும் நின்றுபோனது.

அன்றைக்குக் கோபம். இப்போது அவர் சொன்னதில் பாதி சரியோ என்று தோன்றுகிறது. சான்சேரில் நடந்தது பசி. அந்த ஊரே அதைக் குற்றம் என்று தண்டித்தது. துப்பினம்பா மக்களிடம் நடந்தது பசியால் இல்லை. பிடிபட்ட எதிரிக்குச் சோறு போட்டு, பெண் கொடுத்து, நாள் குறித்துக் கொன்றார்கள். கொல்லப்படும் முன் அவன் அழவில்லை. என் ஆட்கள் வந்து பழி தீர்ப்பார்கள் என்று சொன்னான். ஸ்டாடன் இதை எழுதியிருக்கிறார், லேரியும் எழுதியிருக்கிறார். இரண்டையும் சமமாக வைத்தது யாருக்கு நியாயம் செய்கிறது?

இன்னொன்றும் உறுத்துகிறது. துப்பினம்பா மக்கள் மறைக்காமல் ஊர்கூடிச் செய்ததை அவர்கள் மானத்தைக் காப்பதற்காக என்று நான் மறைத்தேன். மானம் போய்விடும் என்ற கணக்கு யாருடையது? அது டி ப்ரையின் கணக்குதானே? இல்லை, பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்தப் படத்தில் கம்பித்தட்டைத்தான் பார்க்கும், வேறெதையும் பார்க்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுபதிப்பு வருகிறது. படம் வேண்டாம் என்றுதான் மறுபடியும் சொல்வேன். ஆனால் அந்தக் கைதி பேசியதற்கு அரைப் பக்கம் கேட்கப்போகிறேன். கொடுப்பார்களா தெரியாது.