எண்டர்பிரைஸ் எவ்வளவு பெரிது?

இரண்டு வாரமாக ராத்திரியெல்லாம் ஸ்கேலும் நோட்டுமாக உட்கார்ந்திருக்கிறேன். 1966-இல் தொடங்கிய முதல் ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரில் வரும் எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலை வடிவமைத்தவர் மாட் ஜெஃப்ரீஸ். கப்பலின் நீளம் 947 அடி என்பது அவர் கணக்கு. படப்பிடிப்புக்குச் செய்த பெரிய மாதிரி 11 அடிக்குச் சற்றே அதிகம். வகுத்தால், கப்பல் மாதிரியைப்போல் சுமார் 85 மடங்கு. மாதிரியில் ஓர் அங்குலம், கப்பலில் 7 அடி! ஒரு தளம் 10 அடி உயரம் என்றால் மாதிரியில் அது ஒன்றரை அங்குலம்கூட இல்லை. இதைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, சிக்கல் கப்பலுக்குள் நிற்கும் கலிலியோ என்ற சிறு விண்ஓடத்தில்தான். வசனத்தில் அது 24 அடி. ஆனால் உள்ளே, தொடரின் முக்கியப் பாத்திரமான ஸ்பாக் நிமிர்ந்து நடக்கிறார். வெளியே நிற்கும் ஓடத்தின் உயரத்துக்கு அது நடக்காத காரியம். உட்புற செட்டைப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். படம்பிடிக்க இடம் வேண்டுமே.

ஓடத்தைப் பெரிதாக்கினால் அது நிற்கும் கூடமும் பெரிதாக வேண்டும். அப்புறம் கப்பலே வளரும். சிலர் அப்படித்தான் வளர்க்கிறார்கள். நான் 947-ஐத் தொடமாட்டேன். ஓடத்தை மட்டும் 30 அடியாக்கி, அது கூடத்துக்குள் திரும்புமா என்று இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.