நான்கு பேரிங்குகளுக்கு மூன்று வாரம்

பெங்களூரு பீன்யாவில் உள்ள எங்கள் பட்டறையின் சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டு) இயந்திரத்தில் ஸ்பிண்டில் எனும் சுழல்தண்டின் பேரிங் தேய்ந்தபோது, ஜெர்மனியிலிருந்து நான்கு பேரிங்குகளை வரவழைப்பது பத்து நாள் வேலை என்றே எண்ணியிருந்தேன். விலை பேசி ஆர்டர் அனுப்பும் வரை ஒரு தடங்கலும் இல்லை. பிறகு வந்தது ஓர் ஒப்பந்தப் படிவம்: இப்பொருளை நேரடியாகவோ மறைமுகமாகவோ ரஷ்யாவுக்கு விற்க மாட்டோம், மீறினால் விலையில் பாதியை அபராதமாகச் செலுத்துவோம்.

உக்ரைன் போரையொட்டிய தடைகளின்படி, 2024 மார்ச் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்து ஏற்றுமதியாளர்கள் குறிப்பிட்ட சில பொருள்களுக்கு இந்த நிபந்தனையைச் சேர்த்தே ஆக வேண்டும். அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளுக்கு விலக்கு உண்டு, நமக்கு இல்லை. ஆயுதங்களுக்குப் பயன்படக்கூடியவை என வகுக்கப்பட்ட 50 சுங்கக் குறியீடுகளில், மின்னணுச் சில்லுகளோடு 8482.10 என்ற பால் பேரிங்கும் இருக்கிறது.

இதற்கு அரசுச் சான்று வேண்டுமோ என்று பயந்து ஓர் அலுவலகத்துக்குப் போனதுதான் முதல் தவறு. இரண்டு மணி நேரம் காக்க வைத்த எழுத்தர், படிவத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், ஏற்றுமதி உரிமத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்படி சொல்லி அனுப்பிவிட்டார். நான் இறக்குமதி செய்பவன். உண்மையில், பொருள் யாரிடம், எதற்குப் பயன்படும் என்று உறுதி கூறும் இந்தச் சான்றை எந்த இந்திய அலுவலகமும் தர வேண்டியதில்லை. வாங்குபவர் தம் லெட்டர்ஹெட்டில் கையொப்பமும் முத்திரையும் இட்டு அனுப்பினால் போதும்.

அனுப்பினேன், திரும்பி வந்தது. ஆர்டரில் ‘இரண்டு மாற்றுவதற்கு, இரண்டு இருப்புக்கு’ என்று எழுதியிருந்தேன். இருப்பு என்றால் இறுதியில் யார் கைக்குப் போகும் என்பது தெரியாது என்றார்கள் ஜெர்மன் விற்பனையாளர்கள். இயந்திரத்தின் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, நான்கும் அதற்கே என்று மாற்றி எழுதினேன். அதுவும் திரும்பியது, லெட்டர்ஹெட்டில் பழைய முகவரி இருந்ததால். ஆகவே ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள முகவரியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அச்சிடுங்கள்.

அபராதப் பிரிவை மட்டும் நான் அப்படியே ஏற்கவில்லை. அந்த இயந்திரத்தில் உருவாகும் உதிரிபாகங்களுக்கும் நானே பொறுப்பு என்பது போல் அதில் ஒரு வரி இருந்தது. எங்களிடம் வாங்கும் புனே நிறுவனம் அவற்றை எங்கே அனுப்புகிறது என்று நான் எப்படிக் காவல் காப்பது? மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகு, ‘இந்த நான்கு பேரிங்குகள் மட்டும்’ என்று திருத்திக் கொடுத்தார்கள். அன்று இரவுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

முதல் உலகப் போரின்போது நடுநிலை நாடான நெதர்லாந்தின் வணிகர்கள், கடல் வழியே வரும் சரக்கு ஜெர்மனியைச் சென்றடையாது என்று இப்படித்தான் உறுதி எழுதிக் கொடுத்தார்கள். நான் ஜெர்மானியரிடமே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

விற்பனையாளர் எப்போது கேட்டாலும் இரண்டு வாரத்துக்குள் விவரம் தர வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. அதனால் புதியவற்றின் எண்களைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். தேய்ந்த பழையவை தேதிச் சீட்டோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. பழைய இரும்பு வாங்க வருபவர் இரண்டு முறை கேட்டுவிட்டார், கொடுக்கவில்லை.