வாடைக்காலத்தில் அரிச்சல்முனை: புயல் மணலை நகர்த்தும் விதம்

தனுஷ்கோடிக்குப் பெரும்பாலானவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் போகிறார்கள். கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும், படமும் நன்றாக வரும். ஆனால் மணல் எப்படி இடம் மாறுகிறது என்று பார்க்க அது உதவாத பருவம். நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் முழுக்க வடக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும் நாட்கள்தான் இதற்கு வாகானவை. ஒரு புயல் கடந்துபோய், சாலையைத் திறந்துவிட்ட முதல் நாள் கிடைத்தால் இன்னும் விசேஷம்.

வடக்கே பாக் விரிகுடா. சராசரி ஆழம் சுமார் 9 மீட்டர்தான். தெற்கே மன்னார் வளைகுடா, சற்று உள்ளே போனாலே ஆழம். நடுவில், தனுஷ்கோடி நிலம் முடியும் அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு ராமர் பாலத்தின் திட்டுகள். செயற்கைக்கோள் லேசர் அளவைகளை வைத்து இஸ்ரோ விஞ்ஞானிகள் 2024இல் வெளியிட்ட வரைபடத்தில், இந்தத் திட்டு வரிசையை அறுத்துக்கொண்டு போகும் 11 குறுகிய வாய்கள் பதிவாகியிருக்கின்றன. ஆழம் 2, 3 மீட்டர். மேற்கே பாம்பன் கால்வாய் இன்னொரு வாசல். ஒரு கடலின் மணல் மற்றதற்குப் போக இவைதான் வழி.

உள்ளூரில் வடபுறத்தைப் பெண்கடல் என்றும் தென்புறத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வடபுறம் அமைதி, தென்புறம் ஆவேசம் என்பது கணக்கு. வாடைக்காலத்தில் இந்தக் குணம் இடம் மாறிவிடும்: பெண்கடல் கொந்தளிக்கும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். பாம்பனில் படகுகளைப் பருவத்துக்குப் பருவம் கரை மாற்றிக் கட்டுவது இதனால்தான்.

இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ஆகவே நீரோட்டத்தை ஆட்டிவைப்பது பெரும்பாலும் காற்றுதான். வாடை விடாமல் அடித்தால் பாக் விரிகுடாவின் தண்ணீர் தெற்கு ஓரத்தில் போய்க் குவியும். வடபுற நீர்மட்டம் தென்புறத்தைவிட உயரும். அந்த உயர வித்தியாசம் வாய்கள் வழியாகத் தண்ணீரைத் தெற்கே தள்ளும்.

தண்ணீர் ஓடினால் மட்டும் மணல் நகர்ந்துவிடாது, முதலில் அதைத் தரையிலிருந்து கிளப்ப வேண்டும். அதைச் செய்வது அலை. ஒரு மீட்டர் உயரமும் 3 விநாடி இடைவெளியும் உள்ள சாதாரண அலையின் ஆட்டம் 9 மீட்டர் ஆழத்தை எட்டுவதே இல்லை. அதே உயரத்தில் இடைவெளி 5 விநாடியானால், அடித்தரையில் தண்ணீர் விநாடிக்கு 25 சென்டிமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடும். சன்ன மணல் அசையத் தொடங்க அது போதும். 2 மீட்டர் ஆழமுள்ள வாய்க்கு அந்த அலை வந்தால் ஆட்டம் விநாடிக்கு ஒரு மீட்டரைத் தொடும். சாதாரண வாடை நாளில் ஓரங்கள் மட்டும் கலங்க, புயல் நாளில் விரிகுடாவின் தரையே கலங்குவது இதனால்தான்.

கிளம்பிய பிறகு மணலும் சேறும் பிரிந்துவிடும். 0.2 மில்லிமீட்டர் மணல் 9 மீட்டர் இறங்க ஆறேழு நிமிடம்தான் ஆகும். அதனால் அது துள்ளித் துள்ளிப் போய், வாயைக் கடந்ததும் வேகம் குறைகிற இடத்தில் விசிறி போல விழும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கோ அதே ஆழம் ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். புயல் ஓய்ந்த பிறகும் கடல் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருப்பது அந்த வண்டலால். அது எங்கே ஒதுங்கும் என்று சொல்ல முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது வேதாரண்யம் கடற்கரையில் சேறு வந்து படிந்து, படகு இறக்குவதே பெரும்பாடானது. மீனவர்கள் தாழை என்று சொல்லும் கடற்புல்லையும் புயல் பிடுங்கிக் கரையில் எறியும். வேர் போன இடத்தில் மணலைப் பிடித்துவைக்க ஆளில்லை, அடுத்த காற்றுக்கே அது கிளம்பிவிடும்.

கிழக்கிலிருந்து வரும் புயலுக்கு முன்னால் காற்று வடக்கிலிருந்து அடிக்கும், மையம் கடந்ததும் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். ஒரே இரவில் மணல் இரண்டு பக்கமும் இழுபடும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில் கடல் நிலத்தைத் தாண்டியே போனது. பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயிலும் அதில் போனது. வேகம் மட்டுமே கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2020 டிசம்பரில் புரெவி புயல் தாழ்வு மண்டலமாக வலுவிழந்து, ராமநாதபுரத்துக்கு அருகே ஒரு நாளுக்கு மேல் நகராமல் நின்றது. மணலைப் பொறுத்தவரை, பலமாக அடித்துவிட்டு ஓடுகிற புயலுக்கு இப்படி நின்று அடிக்கும் தாழ்வு மண்டலம் சளைத்ததல்ல. இந்தக் கடலில் கப்பல் போக வழி வெட்ட நினைத்த சேதுசமுத்திரத் திட்டம் 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழத்தில் கால்வாய் கேட்டது. சுற்றிலும் மேடாக இருக்கும் தரையில் அப்படி ஒரு குழி, ஒவ்வொரு வாடைக்கும் மணலை விழுங்கும் பொறிதான்.

கிளம்புவதற்கு முன் பாம்பன் துறைமுகத்தில் எந்த எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1 என்றால் தொலைவில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது. 3 என்றால் துறைமுகப் பகுதியிலேயே பலத்த காற்று வீசலாம். அன்று போக வேண்டாம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரை சாலை 9.5 கிலோமீட்டர். கடல் ஏறினால் சோதனைச் சாவடியில் மறித்துவிடுவார்கள், மாலையிலும் திரும்பிவிட வேண்டும்.

முனையில் முதலில் வடபுறக் கரையைப் பாருங்கள். புயலுக்குப் பின் மணல் கத்தியால் வெட்டியது போல நெட்டுக்குத்தாக நிற்கும். அந்த வெட்டில் சிப்பித் துண்டுகள் நிறைந்த வரி அலை பலமாக இருந்தபோது படிந்தது, சன்ன மணல் வரி அமைதி நாட்களில் படிந்தது. மேலே ஏறி நிற்காதீர்கள், சரியும். சாலையோரக் கல் தடுப்பில் எத்தனை வரிசை வெளியே தெரிகிறது என்று ஒரே இடத்தில் நின்று படமெடுத்து, ஜூலையில் அதே இடத்தில் இன்னொன்று எடுங்கள்.

நீரோட்டத்தை அளக்க எலுமிச்சம்பழம் போதும். கரையோரம் 10 மீட்டர் அளந்து, பழத்தை எறிந்து நேரம் பாருங்கள். 20 விநாடி என்றால் விநாடிக்கு அரை மீட்டர். தேங்காய் மட்டை வேண்டாம், அதைக் காற்றும் சேர்ந்து தள்ளி அளவைக் கெடுக்கும். அலை திரும்பும்போது எறிந்தாலும் பழம் நேரே உள்ளே போய்விடும், ஐந்தாறு முறை போட வேண்டும். தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. கரை சட்டென்று ஆழமாகிறது, இரண்டு கடலின் ஓட்டமும் முனையில் மோதுகிறது.

கடைசியாக ஒரு லிட்டர் பாட்டிலில் கலங்கல் தண்ணீரை மொண்டு காரில் அசையாமல் வையுங்கள். மணல் பத்து விநாடியில் அடியில் இறங்கிவிடும். அதன்மேல் வண்டல் மெல்லிய படலமாகப் படிய முக்கால் மணி நேரமாவது ஆகும். ராமேஸ்வரம் வந்து சேர்ந்த பிறகும் தண்ணீர் தெளியவில்லை என்றால், உள்ளே இருப்பது களிமண்.